ஜூலையில் சிம்கோ ஏரி: கரையோரமா, நடுப்பாரா, ஆழமா?

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணிநேர ஓட்டத்தில் இருக்கிறது சிம்கோ ஏரி. அங்கே ஸ்மோல்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் கடைக்குள் நின்றுதான் முடிவெடுக்கிறார்கள்: எந்தப் போலி இரை, என்ன நிறம், எத்தனை அங்குலம். அதெல்லாம் பிறகு பார்க்கலாம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எத்தனை அடி ஆழத்தில் அன்றைய பொழுதைக் கழிக்கப் போகிறீர்கள் என்பதுதான். படகு வேண்டுமா, எந்தக் கரையிலிருந்து இறங்குவது, என்ன இரை, பிடித்த மீனை உயிரோடு விடலாமா என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலிருந்தே வரும்.

தெரிவுகள் மூன்று. பத்து அடிக்கு உட்பட்ட கரையோரம். பன்னிரண்டு முதல் இருபத்தைந்து அடிவரை நீருக்குள் மேடிட்டுக் கிடக்கும் கற்பார்கள். இருபத்தெட்டு அடிக்குக் கீழே உள்ள ஆழம். ஒரு நாள் லீவு எடுத்து, வாடகைப் படகில் போகிற ஒருவருக்கு நான் சொல்வது நடுப்பார்தான். மற்ற இரண்டும் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஏரியும் மீனும்

சிம்கோவின் பரப்பு ஏறக்குறைய 722 சதுர கிலோமீற்றர். மிக ஆழமான இடம் 41 மீற்றர்; அது பரி நகரம் வரைக்கும் ஒடுங்கி நீண்டு போகும் கெம்பன்ஃபெல்ட் குடாவில் இருக்கிறது. தெற்கே உள்ள குக்ஸ் குடா இதற்கு நேர் எதிர். ஆழம் குறைவு, அடியெல்லாம் நீர்ச்செடி, லார்ஜ்மவுத் பாஸின் ராச்சியம். நாம் தேடும் மீன் கல்லையும் திறந்த நீரையும் விரும்புவது. ஆகவே குக்ஸ் குடாவை இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டு மீனையும் பிரித்தறிய வாயைப் பாருங்கள்: தாடையின் பின்முனை கண்ணைத் தாண்டிப் போனால் அது லார்ஜ்மவுத். ஸ்மோல்மவுத்துக்குத் தாடை கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும், உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள் ஓடும், கண் சிவந்திருக்கும்.

மே கடைசியிலும் ஜூனிலும் இது கரையோரக் கற்களுக்கிடையே முட்டையிடும். ஆண் மீன் கூட்டைவிட்டு நகராமல் காவல் நிற்கும். அதைத் தூக்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். பாஸ் பருவம் ஜூனின் பிற்பகுதிக்கு முன் திறக்காததற்குக் காரணம் இதுதான். பருவம் திறந்து கொஞ்ச நாளிலேயே மீன் கரையைவிட்டுக் கிளம்பத் தொடங்கும். வெயில் தாங்காமல் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 20 முதல் 27 பாகை செல்சியஸ் நீர் இந்த மீனுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும்; அது போவது சாப்பாட்டைத் தேடி.

சிம்கோவில் அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு கதை உண்டு. 1990களில் சீப்ரா சிப்பி ஏரிக்குள் பரவியது. விரல் நகமளவு சிப்பி, கல்லில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டியே வாழ்வது. கலங்கலாக இருந்த ஏரி தெளிந்தது. பிறகு கருங்கடல், கஸ்பியன் பகுதியிலிருந்து கப்பல்களின் நிறைநீரோடு பேரேரிகளுக்கு வந்திருந்த உருண்டைக் கோபி என்ற சிறுமீன் 2004இல் பெஃபர்லோ ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. ஏரிக்குள் பரவாமல் தடுக்க 2005இல் ஆற்றில் ரோட்டினோன் நஞ்சு விட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கோபி சிப்பியைத் தின்கிறது, பாஸ் கோபியைத் தின்கிறது. மற்ற உயிர்களுக்கு இந்த வரவால் நேர்ந்த கேடு ஒருபுறமிருக்க, பாஸ் மட்டும் கொழுத்துவிட்டது.

கோபிக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால் நீரில் மிதந்து நிற்க முடியாது. அடியில் உட்காரும், ஒரு துள்ளுத் துள்ளும், மறுபடி உட்காரும். சிப்பி ஒட்டிய கல் எங்கே இருக்கிறதோ அங்கே கோபி. கோபி எங்கே இருக்கிறதோ அங்கே பாஸ். இந்த ஒரு செய்தி தெரிந்தால் ஏரியின் முக்கால்வாசி இடத்தைத் தேடாமலே கழித்துவிடலாம்.

கரையோரம்

செலவு குறைந்த வழி இது. பரி நகரத்து நீர்முனை, ஜாக்சன்ஸ் பொயின்ற் துறை, சிபால்ட் பொயின்ற் மாகாணப் பூங்கா, இனிஸ்ஃபில் கடற்கரைப் பூங்கா என்று பொதுமக்கள் போகக்கூடிய இடங்கள் உண்டு. மிச்சக் கரை பெரும்பாலும் தனியார் வீடுகளுக்குச் சொந்தம். வேலி தாண்டிப் போய் நின்றால் மீனுக்கு முன்னால் பொலிஸ் வரும்.

கரையோரத்தில் கோடைப் பாஸுக்கு இரண்டு நேரங்கள்தான்: வெளிச்சம் வரத் தொடங்கி வெயில் நீரில் விழும்வரை, மாலையில் வெயில் போனபின் இருட்டும்வரை. அந்த நேரத்தில் நீர்மட்டத்தில் இடமும் வலமும் ஆடிவரும் டொப்வோட்டர் இரையை இழுத்தால் மீன் பாய்ந்து அடிக்கும் அடி இருக்கிறதே, மற்ற எந்த வழியிலும் அந்தச் சுகம் கிடையாது. நீர் வெடிக்கும். எண்ணிக்கைக்காகப் போகாமல் அந்த ஒரு அடிக்காகப் போகிறவர்கள் கரையோரத்தையே தேர்ந்தெடுக்கலாம், தவறில்லை. ஆனால் காலை ஏழு, எட்டு மணிக்குப் பிறகு தெளிந்த நீரில் ஐந்தடி ஆழத்தில் நிற்கும் பெரிய மீன் மிகக் குறைவு.

கரையிலிருந்து மண்புழு போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் கல்லடியில் புழு விழுந்தவுடன் முதலில் வருவது கோபி, அடுத்தது ரொக் பாஸ், பிறகு சின்னப் பேர்ச். பிள்ளைகளோடு போனால் அது நல்லதே. அவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மிதவை அமிழ வேண்டும், என்ன மீன் என்பது முக்கியமில்லை. கோபி வந்தால் ஏரிக்குள் திரும்ப விடக்கூடாது. உயிரோடு வைத்திருப்பதும் அதை இரையாக மாட்டுவதும் சட்டப்படி குற்றம்.

படகு கிடையாது, ஆனாலும் பாஸ்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பரிப் பக்கம் கொஞ்சம் மேல். கெம்பன்ஃபெல்ட் குடாவின் கரை சட்டென்று ஆழத்துக்கு இறங்குவது. மற்ற இடங்களில் எவ்வளவு தூரம் எறிந்தாலும் ஆறடிதான் ஆழம். இங்கே சில இடங்களில் ஒரு நல்ல எறியில் இருபது அடியைத் தொட்டுவிடலாம்.

நடுப்பார்

ஜோர்ஜினா தீவு, தோரா தீவு, ஸ்னேக் தீவு, ஃபொக்ஸ் தீவு ஆகியவற்றைச் சுற்றியும், கிழக்குக் கரைக்கு எதிரேயும், ஏரி நடுவிலும் நீருக்குள் மறைந்த பார்கள் பல உண்டு. ஆழ வரைபடத்தில் கோடுகள் நெருங்கி வட்டமிடும் இடங்களைப் பாருங்கள்; அவைதான். மேட்டின் தலை பத்து, பன்னிரண்டு அடியில் இருக்கும். ஓரங்கள் இருபத்தைந்து, முப்பதுக்கு இறங்கும். கல்லும் மணலும் கலந்து, இடையிடையே செடித்திட்டும் இருக்கும் பார், வெறுங்கல் மட்டும் உள்ள பாரைவிட நல்லது. எல்லையில்தான் மீன் நிற்கும்: கல் முடிந்து மணல் தொடங்கும் இடம், செடியின் வெளி விளிம்பு, தனியாகக் கிடக்கும் ஒரு பெரும்பாறை.

இந்த ஆழம் ஏன் மற்ற இரண்டையும்விட நல்லது? முதலாவது, நாள் முழுக்க மீன் உண்டு. காலையில் மேட்டின் தலைக்கு ஏறும், வெயில் ஏறினால் ஓரத்துக்கு இறங்கும். நீங்களும் அதே பாரில் ஐம்பது யார் நகர்ந்தால் போதும், ஏரியைக் கடக்க வேண்டியதில்லை. இரண்டாவது, தெளிந்த நீர் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. பதினெட்டு அடியில் நிற்கும் மீன் மேலே ஆறடியில் போகும் இரையைக் கண்டு ஏறிவந்து அடிக்கும். ஆகவே மீனின் சரியான ஆழம் தெரியாவிட்டாலும் தப்பிக்கலாம். மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: இந்த ஆழத்திலிருந்து வரும் மீனைத் திரும்ப விட்டால் அது பிழைக்கும்.

இரைக்கு வருவோம். நடுப்பாரில் உண்மையான போட்டி மூன்றுக்குள்தான்.

டிரொப் ஷொட் என்றால், தங்கூசியின் நுனியில் குண்டு, அதற்கு ஒரு சாணுக்கும் இரண்டு சாணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் சிறிய முள், முள்ளின் மூக்கில் மூன்று, நான்கு அங்குல மென்ரப்பர் மீன். குண்டு அடியில் இருக்கும், இரை அதற்கு மேலே நின்று நடுங்கும். அரை அவுன்ஸுக்குச் சற்றுக் குறைந்த குண்டு பெரும்பாலான நாட்களுக்குப் போதும். பத்து இறாத்தல் பிரெய்ட் (பின்னிய தங்கூசி), அதன் முன்னால் எட்டு இறாத்தல் ஃபுளோரோகாபன் (நீரில் எளிதில் தெரியாத தங்கூசி), ஏழடி மென்தடி, ஸ்பின்னிங் ரீல். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் கையில் கொடுப்பேன், ஏனென்றால் இதில் செய்யத்தக்க தவறுகள் குறைவு. எறியுங்கள், அடி தொடட்டும், தங்கூசியை மெல்ல இறுக்கிப் பிடியுங்கள், படகு அசைவதே இரையை ஆட்டும். கனம் கூடியதுபோல் தெரிந்தால் வெட்டி இழுக்காமல் ரீலைச் சுற்றியபடி தடியை உயர்த்துங்கள்.

ரியூப் என்பது கோபியின் அசல் நகல். உள்ளே ஈயத்தலை வைத்த, வால் நார்நாராகப் பிரிந்த குழாய். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். அடியோடு இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். பெரிய மீன் விகிதம் பார்த்தால் இது டிரொப் ஷொட்டுக்கு ஒரு படி மேல் என்பதே என் எண்ணம். ஆனால் சிப்பி மூடிய கல்லில் அடிக்கடி சிக்கும். சிக்காதபோதும் சிப்பியின் விளிம்பு தங்கூசியை அரம்போல் அராவும். ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு எறிக்கும் கடைசி மூன்றடியை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பிருந்தால் வெட்டி மறுபடி கட்டும் பொறுமை இல்லாதவருக்கு ரியூப் வேண்டாம். ஒரு நாளில் ஒரு பெட்டி ஈயத்தலையைக் கீழே விட்டுவிட்டு வருவார்.

மூன்றாவது வகை வேகமாக இழுப்பவை: உலோகத் தகடு சுழன்றுவரும் ஸ்பின்னர்பெயிற், வெட்டி வெட்டி இழுக்கும் மீன்வடிவ ஜேர்க்பெயிற். இவை தட்டையான வெயில் நாளில் பயனில்லை. காற்றடித்து நீர்மட்டம் உடைந்து, வெளிச்சம் சிதறும் நாளில் மற்ற இரண்டையும் மிஞ்சும். அப்போது மீன் மேட்டின் தலைக்கே ஏறியிருக்கும், ஆற அமர இரையை ஆராய அதற்கு நேரம் கிடைக்காது, துரத்தி அடிக்கும். ஒரு மணிநேரத்தில் பரந்த இடத்தைத் துழாவலாம் என்பதும் இதற்குச் சாதகம். ஆகவே ஏரிக்கு ஒரே ஒரு தடியோடு போகிறவர் டிரொப் ஷொட் கட்டட்டும். இரண்டு தடி இருந்தால் இரண்டாவதில் ஸ்பின்னர்பெயிற். ரியூப் அதற்குப் பிறகு.

நிறத்தைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கும். கோபி நிறம் ஒன்று, வெள்ளிமீன் நிறம் ஒன்று. முடிந்தது.

ஆழம்

ஜூலை நடுவுக்குப் பிறகு பெரிய மீன்களில் ஒரு பகுதி முப்பது, முப்பத்தைந்து அடியில் கூட்டமாக நிற்பது உண்மை. படம்பிடித்துப் போடப்படும் பெரிய மீன்களில் பல அங்கிருந்தே வருகின்றன. எல்லை எங்கே என்றால், கோடையில் மேல்நீர் சூடாகி அடிநீர் குளிர்ந்தே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே வெப்பம் சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உண்டாகும். அதற்குக் கீழே லேக் ட்ரவுட்டும் வெள்ளைமீனும். பாஸ் பெரும்பாலும் அதற்கு மேலேயே நின்றுவிடும்.

அங்கே மீன் பிடிக்க, ஒலியலையால் நீருக்குள் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் இல்லாமல் முடியாது. பழைய வகை சோனார் படகுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும் காட்டும். கார்மின் நிறுவனம் 2018இல் லைவ்ஸ்கோப் என்ற சோனாரைக் கொண்டுவந்தபின் படகுக்கு முன்னால் நீந்தும் மீனையே திரையில் நேரடியாகப் பார்த்து எறிய முடிகிறது. விலை ஆயிரக்கணக்கான டொலர். திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க ஏரியில் இருப்பது எனக்கு உவப்பில்லை. வேலைநாளில் பார்க்கும் திரை போதும். ஆனால் அது ரசனை சார்ந்தது. அதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு.

நீரில் ஒவ்வொரு 33 அடிக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முப்பத்துமூன்று அடியிலிருந்து ஒரு மீனை மேலே கொண்டுவந்தால் அதன் காற்றுப்பைக்குள் இருக்கும் வாயு ஏறக்குறைய இரண்டு மடங்காக விரியும். லேக் ட்ரவுட் போன்ற மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. ஏப்பம் விட்டுச் சமாளித்துவிடும். பாஸுக்கு அந்தக் குழாய் கிடையாது. விரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் வயிறு ஊதி, கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். வெயிலும் கடற்பறவைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் முறையும், கனம் கட்டி மீனை ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவியும் உண்டு. பழக்கமில்லாதவர் ஊசியைத் தொடக்கூடாது. ஈரலையோ குடலையோ குத்திவிடுவார். இறக்கிவிடும் கருவி பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் அதைச் செய்யும் பொறுமை படகில் இருக்க வேண்டும்.

ஆகவே ஆழம் யாருக்கு? சமைக்க இரண்டு மீன் வேண்டும், பிடித்தவுடன் நிறுத்திவிடுவேன் என்பவருக்குப் பொருந்தும். பிடித்துப் பிடித்து விடப்போகிறேன் என்பவருக்குப் பொருந்தாது. நாள் முழுக்க அங்கே நின்று இருபது மீனைத் தூக்கி இருபதையும் "விட்டேன்" என்று சொல்பவர் எத்தனை உயிரோடு போயின என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

காற்றும் படகும்

எந்தப் பார் என்பதை முதல்நாள் இரவு காற்று முன்னறிவிப்பைப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள். கோடையில் மேற்கு, வடமேற்குக் காற்று அதிகம். அது ஏரியின் முழு அகலத்தையும் தடையில்லாமல் கடந்து பீவர்ரன் பக்கத்துக் கிழக்குக் கரையில் மோதும். மீனுக்கு அது நல்லது. சிறு மீனெல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கும். பதினான்கு அடி அலுமினியப் படகில் இருக்கும் உங்களுக்கு நல்லதல்ல. காற்று மணிக்கு இருபது கிலோமீற்றருக்குமேல் என்றால் வாடகைப் படகுக்காரர் திறந்த ஏரிப் பார்களை மறந்துவிட்டு, தீவின் மறைவுப் பக்கத்தையோ காற்று வரும் பக்கத்துக் கரையையோ பிடிக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருப்பது சட்டத்துக்கு, போட்டிருப்பது உங்களுக்கு. படகு ஓட்டுபவருக்குச் செலுத்துநர் அட்டை தேவை. வாடகைக்கு எடுப்பதென்றால் என்ன ஆவணம் கேட்பார்கள் என்று முன்னரே தொலைபேசியில் விசாரியுங்கள்.

வழிகாட்டியை அமர்த்துவது பல நூறு டொலர் செலவு. மூன்று நண்பர்கள் பங்கிட்டால் முதல் தடவைக்கு அது வீண்செலவல்ல. ஒரு நாளில் நான்கு பார்களின் இடமும் குணமும் தெரிந்துவிடும், பிறகு வாடகைப் படகில் நீங்களே போகலாம். மீனைவிட அந்த அறிவுக்குத்தான் காசு. கயாக் அமைதியான காலைக்கு, கரையிலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள் இருக்கும் பாருக்கு மட்டும்.

வேறு ஏரிக்குப் போனால் என்ன? செயின்ற் கிளெயர் ஏரி, கப்பல் கால்வாயைத் தவிர, பெரும்பாலும் இருபதடிக்கு மேல் ஆழமில்லாதது. அங்கே ஆழமா கரையோரமா என்ற கேள்வியே எழாது, காற்றோடு மிதந்தபடி ரியூப் இழுத்தால் சரி. ஆனால் ரொறன்ரோவிலிருந்து மூன்றரை, நான்கு மணிநேரம். எரீ ஏரியில் 2022 நவம்பரில் 10 இறாத்தலைத் தாண்டிய ஸ்மோல்மவுத் பிடிபட்டது. பெரிய மீன் கனவு காண்பவர்களுக்கு அந்த ஏரிதான். கிங்ஸ்ரன் பக்கத்து ஒன்ராறியோ ஏரியும் சளைத்ததல்ல. இரண்டிலும் சிறிய படகுக்கு அலை கூடுதல். ஒரு நாள் லீவுக்கு சிம்கோவே கட்டுப்படியாகும்.

கொண்டு வருவதா, விடுவதா

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். முழு லைசென்ஸுக்கு ஆறு பாஸ், குறைவாக எடுப்பவர்களுக்கான பாதுகாப்பு லைசென்ஸுக்கு இரண்டு. ஸ்மோல்மவுத், லார்ஜ்மவுத் இரண்டும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பருவம் திறக்கும் தேதியை அந்தந்த ஆண்டு மாகாண விதிநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப்பூச்சியோ சிறுமீனோ உயிரிரையாக வாங்கினால் ரசீதைப் பையில் வைத்திருங்கள், கேட்பார்கள்.

ஸ்மோல்மவுத் வெள்ளைச் சதை, இறுக்கமானது; பொரியலுக்கு நன்றாக வரும், குழம்புக்கு அவ்வளவு இல்லை. இந்தக் குளிர்நாட்டு நீரில் அது மெதுவாக வளர்வது; ஐந்து இறாத்தல் மீன் பத்து வயதைத் தாண்டியதாக இருக்கலாம். அதனால் சட்டிக்கு ஒன்றரை, இரண்டு இறாத்தல் மீன்கள் ஒன்றிரண்டை எடுத்து, பெரியதை விட்டுவிடுவது என் வழக்கம். குழம்புதான் வேண்டுமென்றால் அதே பாரின் மணல் ஓரத்தில் மஞ்சள் பேர்ச் கூட்டமாக நிற்கும். மதியம் பாஸ் கடிக்காத இரண்டு மணிநேரத்தில் டிரொப் ஷொட் முள்ளில் ஒரு துண்டு மண்புழுவை மாட்டி இறக்குங்கள். கல்லைவிட்டு மணலுக்கு வந்தால் கோபித் தொல்லையும் குறையும்.